கிரகணமும் நம் இல்லங்களும்

 

கிரகணம் என்றதும் நம் இல்லங்கள் சிலவற்றில் நடப்பதென்ன? பிள்ளைத்தாய்ச்சியை அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்துகிறார்கள். அரிவாள்மனையைத் தொடாதே, தண்ணீர் குடிக்காதே என்கிறார்கள். பிறக்கும் குழந்தைக்கு உதடு பிளந்திருந்தாலோ, "அன்று நீ வெளியே வந்தாயல்லவா?" என்று அந்தத் தாயை ஆயுள் முழுதும் குத்திக் காட்டுகிறார்கள். இதுவா மார்க்கம்?

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு மதீனாவில் நடந்ததைக் கேளுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்னை மாரியா (ரலி) அவர்களிடம் பிறந்த அருமை மகன் இப்ராஹீம், பால்குடிப் பருவத்திலேயே இறையடி சேர்ந்தார். நாயகம் அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. அதே நாளில் சூரியனும் இருண்டது. இப்ராஹீமின் மரணத்தால்தான் இப்படி ஆயிற்று என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

நாயகம் அவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு என்றும், எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் அறிவித்தார்கள். தம் மகனின் மரணத்தோடுகூட அதை முடிச்சுப்போட அவர்கள் இடந்தரவில்லை. நம் வீட்டுக் குழந்தையின் உதட்டோடு முடிச்சுப்போட நமக்கு ஏது உரிமை?

சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே செல்கின்றன என்கிறது அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 5ஆம் வசனம். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே சந்திரன் வந்து மறைத்தால் அது சூரிய கிரகணம். பூமியின் நிழல் சந்திரன் மீது விழுந்தால் அது சந்திர கிரகணம். ஆகவே முன்னது அமாவாசையில்தான் நிகழும். பின்னது பௌர்ணமியில்தான் நிகழும். அப்படியானால் மாதந்தோறும் ஏன் வருவதில்லை? சந்திரனின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான மாதங்களில் மூன்றும் நேர்கோட்டில் அமைவதில்லை. சூரியனின் குறுக்களவு சந்திரனைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு. தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. எனவேதான் சிறிய சந்திரன் பெரிய சூரியனை மறைக்க முடிகிறது. சுப்ஹானல்லாஹ்!

இந்தக் கணக்கு நம் முன்னோருக்குப் புதிதல்ல. இப்ராஹீம் பிறை 10இல் மரணித்தார் என்ற ஒரு குறிப்பை இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் மறுத்தார்கள். மாதக் கடைசியில் அன்றிச் சூரிய கிரகணம் நிகழாது என்பதே அவர்களின் வாதம். இன்றைய வானியலார் பின்னோக்கிக் கணித்து, அந்தக் கிரகணத்தைக் கி.பி. 632 ஜனவரி 27 என்கிறார்கள். அது ஷவ்வால் மாதத்தின் கடைசி! 2019 டிசம்பர் 26இல் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் தெரிந்த வளைய கிரகணத்தின் நேரமும் முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்தது.

"கணக்குத் தெரிந்தபின் தொழுகை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். மஃரிபு நேரமும் நமக்கு முன்பே தெரியும். அதற்காகத் தொழாமல் இருக்கிறோமா? நாள்தோறும் கேளாமலே கிடைக்கும் ஒளி சற்று மங்கும்போது, அதைத் தந்தவனை நினைப்பதே அறிவு.

கிரகணத் தொழுகை இரண்டு ரக்அத். பாங்கும் இகாமத்தும் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ருகூஉ செய்வது சிறப்பு. ஹனஃபி மத்ஹபில் வழக்கம்போல் ஒரே ருகூஉ. தொழுகையோடு திக்ரு, இஸ்திக்ஃபார், துஆ, ஸதகா ஆகியவற்றையும் பெருக்க வேண்டும்.

அன்று பெண்கள் எங்கே இருந்தார்கள்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொழுகையில் நின்றார்கள். அவர்களின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களும், மயக்கம் வருமளவு நெடுநேரம் நின்று, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள்.

தாய்மார்களே! வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதீர்கள், பார்வை கெடும். அது மருத்துவம் சொல்லும் எச்சரிக்கை. உதட்டுப் பிளவுக்கும் கிரகணத்துக்கும் தொடர்பில்லை என்பதும் மருத்துவம் சொல்வதே. அதை அறுவைச் சிகிச்சையால் சீர்படுத்தலாம். அடுத்த கிரகணத்தின்போது பிள்ளைத்தாய்ச்சிக்குப் பூட்டிய அறை வேண்டாம். பசித்தால் உணவு கொடுங்கள். முஸல்லாவை விரித்துக் கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தெளிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.