அழைப்பவர் ஏமாறாதிருக்க

அன்புள்ள பிள்ளைக்கு,

பரந்தனில் நீர் தொடங்கவிருக்கும் நீரிறைக்கும் இயந்திர உதிரிப்பாகக் கடைக்கு இணையவழித் தொலைபேசி உகந்ததா, உகந்ததாயின் எந்த நிறுவனத்தை நாடுவது என்று கேட்டு எழுதியிருந்தீர். சிறுபோகத்தில் இயந்திரம் நின்று பயிர் வாடுகின்ற வேளையில் உமது கடைக்கு அழைப்பெடுக்கும் விவசாயி, மறுமொழி கிடையாவிட்டால் வவுனியாவிலுள்ள வேறொரு கடைக்கு எடுப்பாரேயன்றிக் காத்திருக்கமாட்டார். ஆதலின், கட்டணக் குறைவைக் காட்டிலும் இடையறாத சேவையையே பிரதானமாகக் கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் மின்சாரத்தைப் பற்றிச் சிந்தியும். பழைய செப்புக்கம்பி இணைப்பில், தொலைபேசி நிலையமே தன் மின்கலங்களிலிருந்து ஏறக்குறைய 48 வோல்ற் அழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பியமையால், வீடு இருண்டபோதும் தொலைபேசி இயங்கிற்று. இணையவழித் தொலைபேசிக்கு வரும் பைபர் இழையோ ஒளியைக் கடத்துமேயன்றி மின்சாரத்தைக் கடத்தாது. ரவுட்டர் அணைந்த கணமே தொலைபேசியும் ஓய்ந்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானதையும், 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் ஒருங்கே மின்சாரம் இழந்ததையும் கருதுவீராயின், ரவுட்டருக்கென ஒரு யூபிஎஸ் வாங்குவது வீண்செலவாகாது. அத்துடன், கடையின் இணைப்பு அறுந்தால் வரும் அழைப்பை உமது கைத்தொலைபேசிக்குத் தானாகவே திருப்பிவிடும் வசதி உண்டா என்று கேளும். அக்கைத்தொலைபேசி வேறொரு நிறுவனத்தின் வலையமைப்பில் இருத்தல் உத்தமம்.

அடுத்தது குரலின் தெளிவு. வழக்கமான முறையில் ஓர் அழைப்பின் குரலுக்குச் செக்கனுக்கு 64 கிலோபிற் போதும். அக்குரலைச் சுமந்துவரும் தரவுப் பொதிகளின் மேலுறைகளைச் சேர்த்தாலும் ஒவ்வொரு திசைக்கும் நூறைத் தாண்டாது. எனவே, விளம்பரங்கள் பறைசாற்றும் பெருவேகம் உமக்கு முக்கியமன்று. பொதிகள் தாமதமின்றியும், ஒழுங்கான இடைவெளியிலும், வழியில் தொலையாமலும் வந்துசேர்வதே முக்கியம். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்கு மேற்படாதிருப்பது நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதந்துரை. கிளிநொச்சி நகரில் செவ்வனே இயங்கும் 4ஜி இணைப்பு, முல்லைத்தீவின் காட்டோரக் கிராமத்திலும் அவ்வாறே இயங்குமென்று கொள்ளலாகாது, ஆகையால் எஸ்.எல்.ரி.-மொபிட்டல், டயலொக் போன்றவற்றின் இணைப்புகளை உமது கடை மேசையிலேயே வைத்து, எல்லோரும் இணையத்திலிருக்கும் மாலை வேளையிலும் மழை நாளிலும் பேசிப் பார்த்தபின் தீர்மானியும்.

மூன்றாவது, நிறுவனத்தின் நேர்மை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி இத்தகைய சேவைக்கு அனுமதிப்பத்திரம் அவசியமாதலால், அதைக் காட்டத் தயங்குபவரிடம் எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர். 021 இல் தொடங்கும் உமது இலக்கம் முகவரின் பெயரிலன்றி உமது வியாபாரப் பெயரிலேயே பதியப்படவேண்டும். பெயர்ப்பலகையிலும் பற்றுச்சீட்டிலும் ஏறிய இலக்கம் கைநழுவினால், ஈட்டிய வாடிக்கையாளரும் நழுவிப்போவர். ஒப்பந்தக் காலம் எவ்வளவு, பழுது நேர்ந்தால் எந்த ஊரிலிருந்து ஆள் வருவார், எத்தனை நாளில் வருவார் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளும். விற்பனை முகவரின் வாக்கைவிட, அதே தெருவில் ஓராண்டு அச்சேவையைப் பயன்படுத்திய கடைக்காரரின் அனுபவமே சிறந்த பிரமாணம். 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ் ஆகிய அவசர இலக்கங்களுக்கு அவ்விணைப்பிலிருந்து அழைக்க இயலுமா என்பதையும் கேட்டறிந்துகொள்ளும். கனடாவிலுள்ள உறவினருடன் பேச உதவும் வட்ஸ்அப் இவ்வவசர அழைப்புகளுக்கு உதவாது.

யுத்த காலத்தில் வெளியுலகத்தோடு ஒரு வார்த்தை பேசுவதற்கும் வன்னி மக்கள் பட்ட பாட்டை உம் பெற்றோர் அறிவர். இன்று பரந்தனிலுள்ள ஒரு சிறு கடையால் கொழும்பு மொத்த வியாபாரியோடு சமமாக நின்று பேரம்பேச முடிகிறதென்றால், அதற்கு இந்த இணைப்பும் ஒரு காரணம். ஆகவே அவசரப்படாது, கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சென்று, ஒவ்வொன்றுக்கும் விடைபெற்ற பின்னரே கையொப்பமிடும்.

அன்புடன்,
மாமா