வீட்டுக்கு ஒரு கார்பன் கணக்கு

வீடு கட்டும் செலவு நோட்டில் ஓரமாக ஒரு கார்பன் பத்தியும் போடுங்கள். 50 கிலோ ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்ட் மூட்டைக்குச் சுமார் 45 கிலோ கரியமில வாயு. கம்பி, கிலோவுக்கு 2 கிலோவுக்கும் மேல். குடியேறியபின் மின்சாரம், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்றால் ஆண்டுக்கு 1,680 கிலோ! இதே நிலை நீடித்தால் 50 ஆண்டில் 84 டன்.

குறைக்க, பிபிசி (போர்ட்லேண்ட் பொஸோலானா) சிமென்ட் கேளுங்கள். அதில் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் சேர்க்கலாம். ஆனால் மெதுவாகத்தான் இறுகும். தளத்தில் ஈரச்சாக்கு போட்டு 10 நாளாவது, கோடையில் 14 நாள், காயவிடாமல் நனைக்க வேண்டும். இதில் கொத்தனார் அவசரப்பட்டாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய தேக்குக் கதவு, ஜன்னல் கிடைத்தால் விடவே விடாதீர்கள்; புதிதாகச் செய்யும் கார்பன் மிச்சம். மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு பதித்தால் ஏசி ஓடும் நேரம் குறையும்.