பல்லுக்கு ஒரு பூச்சு

நிலை 4 – பாடம் 9

படிப்போம்

ஷார்ஜா தொழில்பேட்டையில் மரவேலைப் பட்டறைகள் நிறைய உண்டு. அங்கே கதவு, கட்டில், மேசை எல்லாம் செய்கிறார்கள். செய்து முடித்ததும் வார்னிஷ் அடிக்கிறார்கள். ஈரம் உள்ளே போகாமல் அது மரத்தைக் காக்கும்.

பல்லுக்கும் ஒரு வார்னிஷ் இருக்கிறது. அதன் பெயர் ஃப்ளோரைடு வார்னிஷ்.

நம் பல்லின் மேலே எனாமல் என்ற கடினமான பகுதி இருக்கிறது. தமிழில் அதைப் பற்சிப்பி என்பார்கள். நம் வாயில் கிருமிகளும் இருக்கின்றன. நாம் மிட்டாய் சாப்பிட்டால், அந்தச் சர்க்கரையைக் கிருமிகளும் தின்னும். பிறகு அமிலத்தை வெளியே விடும். அமிலம் பற்சிப்பியில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கும். நல்ல வேளையாக, நம் எச்சில் அந்தச் சத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஜூஸ், கரக் டீ, சாக்லேட் என்று நாள் முழுவதும் வாயில் இனிப்பு போய்க்கொண்டே இருந்தால், எச்சிலால் என்ன செய்ய முடியும்? பல்லில் ஓட்டை விழும். அதுதான் சொத்தை.

ஃப்ளோரைடு எச்சிலுக்கு உதவி செய்கிறது. கரைந்த சத்து சீக்கிரம் திரும்பச் சேரும். பற்சிப்பியும் அமிலத்தைத் தாங்கும்.

பேசுவோம்

(இடம்: பல் மருத்துவமனை. அப்பா மரவேலைப் பட்டறையில் வேலை செய்கிறார்.)

டாக்டர்: வாங்க, உட்காருங்க. பாப்பாவுக்கு என்ன வயசு?

அப்பா: ஆறு முடிஞ்சிடுச்சு டாக்டர். இனிப்பு சாப்பிட்டா பல்லு கூசுதுன்னு சொல்றா.

டாக்டர்: ஆ காட்டு கண்ணு. ம்… ஒரு பால்பல்லுல ஓட்டை விழுந்திருக்கு. அதுக்குப் பின்னால புதுப் பல்லு ஒண்ணு எட்டிப் பாக்குது.

அப்பா: பால்பல்லு எப்படியும் விழப்போகுதே. அப்படியே விட்டுடலாமா?

டாக்டர்: விடக்கூடாதுங்க. அந்தப் பல்லு பத்து வயசு வரைக்குமாவது இருக்கணும். முன்னாடியே போயிட்டா பக்கத்துப் பல்லு நகர்ந்துடும். அப்புறம் புதுப் பல்லுக்கு இடம் இருக்காது.

அண்ணன்: அந்த ஓட்டையில வார்னிஷ் பூசினா சரியாயிடுமா டாக்டர்?

டாக்டர்: ஆகாதுப்பா. ஓட்டையை அடைக்கத்தான் வேணும். ஓட்டை விழறதுக்கு முன்னாடி பூசறதுதான் வார்னிஷ்.

அப்பா: புரியுதுங்க. உளுத்த மரத்துக்கு வார்னிஷ் அடிச்சா நிக்குமா?

டாக்டர்: அதேதான்! பின்னால வர்ற அந்தப் பல்லு பால்பல்லு இல்லீங்க. எந்தப் பல்லும் விழாம முளைக்கிறதால நிறையப் பேர் அப்படி நினைச்சுக்கிறாங்க. அது கடைசி வரைக்கும் இருக்க வேண்டிய பல்லு. போனா வேற முளைக்காது. அதைத்தான் முதல்ல காப்பாத்தணும்.

பாப்பா: ஊசி போடுவீங்களா?

டாக்டர்: பூசறதுக்கு ஊசி எதுக்கு? குட்டி பிரஷ்ஷால தடவுவேன். ரெண்டு மூணு நிமிஷம்தான். பாப்பாவுக்குப் பிளாஸ்டர் ஒட்டினா அலர்ஜி வருமா?

அப்பா: இல்லீங்க. ஏன் கேக்குறீங்க?

டாக்டர்: சில வார்னிஷ்ல பைன் மரப் பிசின் இருக்கும். சில பிளாஸ்டர்லயும் அது உண்டு. அதான் கேட்டேன். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கு முறுக்கு மாதிரி கடினமானது வேணாம். ராத்திரி பல்லு தேய்க்கவும் வேணாம்.

அண்ணன்: ஐ! ஜாலி!

டாக்டர்: இன்னைக்கு மட்டும்தான்!

தெரிந்துகொள்வோம்

ஷார்ஜாவில் கடல்நீரில் இருந்து உப்பை நீக்கிக் குடிநீர் செய்கிறார்கள். உப்போடு ஃப்ளோரைடும் பெரும்பாலும் போய்விடும்.

தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலைமை வேறு. அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிக அதிகம். ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல் உருவாகும் வயதில் அதிக ஃப்ளோரைடு உள்ள நீரைக் குடித்த குழந்தைகளுக்குப் பற்களில் பழுப்புக் கறை வந்தது. பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு எலும்பும் பாதிக்கப்பட்டது. இதைத் தடுக்க, காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் தொடங்கியது. ஜப்பானின் கடனுதவியும் கிடைத்தது. 2013-இல் திட்டம் திறக்கப்பட்டது.

ஒரே பொருள்தான். கொஞ்சம் பல்லைக் காக்கிறது, அதிகம் பல்லைக் கெடுக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு! அதனால்தான் வார்னிஷை டாக்டர் பூச வேண்டும். வீட்டில் நீங்கள் தினம் இரண்டு தடவை, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் போதும். விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

புதிய சொற்கள்

பற்சிப்பி – பல்லின் மேல் உள்ள கடினமான பகுதி
உளுத்த – உள்ளே அரித்துப்போன
நிலத்தடி நீர் – மண்ணுக்குக் கீழே இருக்கும் தண்ணீர்

பேச்சும் எழுத்தும்

விழுந்திருக்கு – விழுந்திருக்கிறது
எட்டிப் பாக்குது – எட்டிப் பார்க்கிறது
வேணாம் – வேண்டாம்
முன்னாடி – ______
இன்னைக்கு – ______

பயிற்சி

1. சொத்தை எப்படி உண்டாகிறது? மூன்று வாக்கியங்களில் எழுதுக.
2. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லைப் பலர் பால்பல் என்று ஏன் நினைக்கிறார்கள்?
3. "உளுத்த மரத்துக்கு வார்னிஷ் அடிச்சா நிக்குமா?" அப்பா எதைப் பற்றி இப்படிச் சொல்கிறார்?
4. வீட்டில் செய்க: கண்ணாடி முன் நின்று உங்கள் பற்களை எண்ணுங்கள். எவை பால்பற்கள் என்று அம்மா அல்லது அப்பாவோடு தமிழில் பேசிக் கண்டுபிடியுங்கள்.