இரண்டாவது அம்பு

சினம் எழுவது கணநேரத்தில். அதன் விளைவோ பல ஆண்டுகள் நீடிக்கிறது. ஆத்திரத்தில் தந்தை சொல்லிவிட்ட ஒரு சொல், ஆத்திரம் தணிந்த பின்னரும் மகனின் உள்ளத்தில் தைத்து நிற்கிறது. உணர்ச்சிகளை அடக்கினால் உள்ளே புகைகின்றன. அவிழ்த்துவிட்டால் பிறரைச் சுடுகின்றன. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழியைப் பகவான் புத்தர் காட்டினார். பாலி மொழியில் அதற்கு ‘ஸதி’ என்று பெயர்; விழிப்புணர்வு என்பது அதன் பொருள்.

சம்யுத்த நிகாயத்தில் புத்தர் ஓர் உவமை கூறுகிறார். ஒருவன்மீது அம்பு ஒன்று தைக்கிறது. அதே மனிதன்மீது உடனே இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதல் அம்பு உடலுக்கு நேரும் வலி. அந்த வலியைக் குறித்துப் புலம்புவதும் வெறுப்பதும் இரண்டாவது அம்பு. பயிற்சி இல்லாதவன் இரண்டையும் அனுபவிக்கிறான். பயிற்சி பெற்றவனுக்கு முதல் அம்பின் வலி மட்டுமே. நோய், இழப்பு, அவமதிப்பு ஆகியவற்றை யாராலும் முற்றிலும் தவிர்க்க இயலாது. தவிர்க்கக்கூடியது இரண்டாவது அம்பு ஒன்றே.

நுகர்வும் வேட்கையும்

இரண்டாவது அம்பு எங்கிருந்து வருகிறது? புத்தர் போதித்த பன்னிரு நிதானங்களின் சங்கிலியில் இதற்கு விடை உள்ளது. மணிமேகலையின் இறுதிக் காதையில் அறவண அடிகள் இச்சங்கிலியை உபதேசிக்கிறார். அதன் மூன்று கண்ணிகளுக்கு அக்காப்பியம் தரும் தமிழ்ப் பெயர்கள் ஊறு, நுகர்வு, வேட்கை. புலன் பொருளைத் தொடுவது ஊறு. அதனால் எழும் இன்பமோ, துன்பமோ, இரண்டுமற்ற நிலையோ நுகர்வு. ‘இது வேண்டும்’ என்று மனம் பாய்வது வேட்கை. ‘இது ஒழியட்டும்’ என்று தள்ளும் வெறுப்பும் அதன் மறுபக்கமே. வசைச்சொல் காதில் விழுவது ஊறு. நெஞ்சில் சுருக்கென்று தைப்பது நுகர்வு. திருப்பி அடிக்கத் துடிப்பது அதற்கு அடுத்த நிலை. நுகர்வுக்கும் அத்துடிப்புக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. மனிதனின் சுதந்திரம் அங்கேதான் இருக்கிறது. விழிப்பில்லாதவனுக்கு அந்த இடைவெளி இருப்பதே தெரிவதில்லை.

ஆறு விலங்குகள், ஒரு தூண்

பாம்பு, முதலை, பறவை, நாய், நரி, குரங்கு ஆகிய ஆறையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் என்ன நிகழும்? பாம்பு புற்றுக்கும், முதலை நீருக்கும், பறவை வானுக்கும், நாய் ஊருக்கும், நரி சுடுகாட்டுக்கும், குரங்கு காட்டுக்கும் இழுக்கும். வலிமையுள்ளது வெல்லும், மற்றவை அதன் பின்னால் இழுபடும். ஆறு புலன்களின் நிலை இதுவே என்கிறார் புத்தர். அவற்றை உறுதியான தூணில் கட்டினால், இழுத்து இழுத்துக் களைத்து, இறுதியில் தூணருகிலேயே படுத்துவிடும். அந்தத் தூண் உடலைப் பற்றிய விழிப்புணர்வு. எந்த விலங்கும் இங்கே கொல்லப்படுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

உடலில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மூச்சு. சினத்தில் அது விரைகிறது, அச்சத்தில் திணறுகிறது, துயரத்தில் பெருமூச்சாகிறது. ஆனாபானஸதி சூத்திரம் மூச்சுத் தியானத்தை 16 படிகளாக விளக்குகிறது. உடல், நுகர்வு, மனம், தர்மம் என்னும் நான்கு துறைகளுக்கும் நான்கு நான்கு படிகள். மூச்சை அடக்குவதோ நீட்டுவதோ இங்கு நோக்கமன்று. நீண்ட மூச்சை நீண்டதென்றும், குறுகிய மூச்சைக் குறுகியதென்றும் அறிவதே தொடக்கம். மனம் நிலைகொள்ளாத சாதகர் மூச்சை எண்ணலாம் என்கிறது புத்தகோஷரின் விசுத்திமக்கம். எண்ணிக்கை ஐந்துக்குக் குறையவும் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது. மனம் விலகினால் தன்னை நொந்துகொள்ளாமல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

உணர்ச்சி எழும்போது

தினமும் காலையில் பதினைந்து நிமிடம் இவ்வாறு அமர்ந்து பழகியவருக்கு, நெருக்கடியான வேளையில் அப்பழக்கம் துணைநிற்கும். முதலில், எழுந்த உணர்ச்சியைப் பெயரிட்டு அறிய வேண்டும். ‘கோபம் வந்தது’ என்றுதான் தமிழில் சொல்கிறோம். வந்தது எதுவும் போகக்கூடியதே. இரண்டாவதாக, அது உடலில் எங்கே தெரிகிறது என்று பார்க்க வேண்டும்: இறுகும் தாடையிலா, படபடக்கும் மார்பிலா? மூன்றாவதாக, சில மூச்சுகள் வந்துபோகும் வரை அதனுடன் இருக்க வேண்டும். அதன் பிறகே பேச வேண்டும். அப்போது கண்டிப்பது கடமையானால் கண்டிக்கலாம். சொல்லில் உறுதி இருக்கும், நஞ்சு இராது.

இப்பயிற்சி அமைதியான ஆசிரமங்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டியதில்லை. 1994 ஏப்ரலில் டெல்லி திகார் சிறையில் 1,000-க்கும் மேற்பட்ட கைதிகள் எஸ்.என். கோயங்காவின் வழிகாட்டுதலில் பத்து நாள் விபஸ்ஸனா பயிற்சி மேற்கொண்டனர். அத்தகைய பயிற்சியின் முதல் நாட்கள் இயல்பான மூச்சைக் கவனிப்பதற்கே ஒதுக்கப்படுகின்றன.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. குறிபார்க்கும் வேடனுக்கும் மன ஒருமை உண்டு. ஆதலால்தான் எண்வகை மார்க்கத்தில் நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை ஆகியவற்றுக்குப் பின்னரே விழிப்புணர்வு ஏழாவது அங்கமாக வைக்கப்பட்டுள்ளது. பொய்யும் வஞ்சமும் நிறைந்த வாழ்க்கையை மூச்சுப் பயிற்சியால் மட்டும் அமைதிப்படுத்த இயலாது. கடுமையான மனநோயால் வருந்துவோர் மருத்துவரின் ஆலோசனையுடனேயே இதில் ஈடுபடுவது நல்லது.

முதல் அம்பு நாளையும் வரக்கூடும். அதைத் தடுப்பது பெரும்பாலும் மனிதனின் கையில் இல்லை. இரண்டாவது அம்பை எய்யும் வில்லோ அவனிடமே இருக்கிறது. அதைக் கீழே வைக்கும் ஆற்றல் ஒரே நாளில் வருவதன்று. அன்றாடம் மூச்சை அறிந்து அமரும் சில நிமிடங்களில் அது சிறிது சிறிதாக வளர்கிறது.