கணினிப் பாடம்: இடையில் நிற்கும் சர்வர் முடங்கினால் நம் கல்லா என்ன ஆகும்?



2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. சித்திரை முதல் நாளுக்கு இரண்டே நாள் இருந்தது. அன்று பகலில் நாடு முழுவதும் யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் பல மணி நேரம் தடுமாறியது. சரக்கை எடை போட்டு, பொட்டலம் கட்டி, பையில் வைத்த பிறகு, "பணம் போக மாட்டேங்குதுங்கண்ணா" என்று வாடிக்கையாளர் செல்போனை நீட்டி நிற்கும் நிலை நமக்குப் புதிதல்ல. நாம் டவரைத் திட்டுவோம்; கல்லாவில் வைத்த ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்போம். அன்றைய கோளாறு இரண்டிலும் இல்லை.

யு.பி.ஐ.யை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் ஆராய்ந்து சொன்ன காரணம் இது: சில வங்கிகளின் கணினிகள், 'அந்தப் பரிமாற்றம் என்ன ஆயிற்று?' என்ற ஒரே கேள்வியை அளவுக்கு மீறிக் கேட்டுக்கொண்டிருந்தன. பதில் சொல்லியே நடுவில் இருந்த சர்வர் களைத்துப் போயிற்று. திருட்டு இல்லை, பணம் காணாமல் போகவில்லை, பூட்டு உடையவில்லை. ஆனாலும் கடை அடைத்தது போல ஆகிவிட்டது. கணினித் துறையில் இதைச் 'சேவை முடக்கம்' என்கிறார்கள். பகைவன் வேண்டுமென்றே செய்தால் அது தாக்குதல். நம்மவரே அவசரத்தில் செய்தால் விபத்து. கல்லாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த முடக்கம் அதிகமாக விழுகிற இடம் 'பிராக்ஸி சர்வர்' என்னும் இடைச் சர்வர். மண்டியில் வாங்குபவரை நேரே குடோனுக்குள் விடுவதில்லை. முன்னால் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். கேட்பதைக் குறித்துக்கொண்டு, உள்ளே சொல்லி, சரக்கை வாங்கிக் கொடுப்பார். அடிக்கடி கேட்கும் சரக்கைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருப்பார். இணையத்தில் அந்த வேலையைச் செய்வதே பிராக்ஸி மென்பொருள். ஸ்குவிட், என்ஜின்எக்ஸ், எச்.ஏ. பிராக்ஸி, என்வாய் என்று பல உண்டு. யு.பி.ஐ.யின் நடு சர்வரைப் பிராக்ஸி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது நிற்கும் இடமும் வங்கிகளுக்கு நடுவில்தான். கணக்குப்பிள்ளை மயங்கி விழுந்தால், குடோனில் எவ்வளவு சரக்கு இருந்தும் வியாபாரம் இல்லை.

அவரை எப்படி மயங்க வைக்கிறார்கள்? நமக்குத் தெரிந்த வாடிக்கையாளர்களை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதல் ஆள், மெதுவாகப் பேசுபவர். "ஒரு கிலோ..." என்று ஆரம்பித்து, என்ன சரக்கு என்று சொல்லாமலே நிற்பார். பின்னால் வரிசை நீளும். 2009இல் வெளிவந்த 'ஸ்லோலோரிஸ்' என்ற கருவி இதைத்தான் செய்தது. கோரிக்கையைத் துண்டு துண்டாக அனுப்பி முடிக்காமலே வைத்திருக்கும். ஆளுக்கு ஒரு பணியாளை ஒதுக்கும் பழைய வகைச் சர்வர்களை ஒரே ஒரு சாதாரணக் கணினியால் நிறுத்த முடிந்தது. 2004இல் வெளியான என்ஜின்எக்ஸ் போன்றவற்றைப் பலரும் முன்னால் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். அது ஒரே பணியாளை வைத்து ஆயிரம் பேரைக் கவனிக்கும்.

இரண்டாம் ஆள் பொல்லாதவர். போனில், "பத்து மூட்டை புளி எடுத்து வை" என்பார்; ஆள் குடோனுக்கு ஓடியதும் "வேண்டாம்" என்பார்; மறுநொடியே "பத்து மூட்டை ராகி" என்பார். ஒருவருக்கு ஒரே நேரத்தில் இத்தனை ஆர்டர்தான் என்று நாம் வரம்பு வைத்திருந்தாலும், ரத்தானது கணக்கில் வராதே! உள்ளே ஓடிய கால்களுக்கு மட்டும் ஓய்வில்லை. எச்.டி.டி.பி.-2 என்ற இணைய விதிமுறையில் இருந்த இந்த ஓட்டையை 2023 ஆகஸ்டு முதல் பயன்படுத்தினார்கள். அக்டோபர் 10 அன்று அது வெளியே அறிவிக்கப்பட்டது. கூகுள் தன் மீது நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள் வந்ததாகச் சொன்னது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் நொடிக்கு 20 கோடிக்கு மேல் பார்த்தது. அதை அனுப்பியவை சுமார் 20,000 கணினிகள் மட்டுமே. என்வாய், அப்பாச்சி டிராஃபிக் சர்வர் முதலிய பிராக்ஸி மென்பொருள்களுக்கு அவசரமாகத் திருத்தம் வந்தது.

மூன்றாவது, உண்டியலும் காசோலையும் கையாண்ட மூத்த வியாபாரிகளுக்கு உடனே புரியும். சீட்டு கைமாறும்போது பின்புறம் பெயர் எழுதுகிறோம் அல்லவா? பிராக்ஸிகளும் 'இது இன்னாரிடமிருந்து வந்தது' என்று கோரிக்கையின் தலைப்பில் வரிசையாக எழுதும். அந்த வரிசையைப் பின்தொடரும்படி அமைத்த ஸ்குவிட் சர்வர்களுக்கு மிக நீண்ட பெயர்ப்பட்டியலை அனுப்பினால், படித்துக்கொண்டே போய் நினைவகம் தீர்ந்து விழுந்துவிடும். 2023 டிசம்பரில் அறிவித்துத் திருத்தினார்கள். அதே ஸ்குவிட்டை 2021இல் ஜோஷுவா ராஜர்ஸ் என்பவர் சோதித்து 55 குறைகளைக் கண்டார். 2023 அக்டோபரில் அவர் அதை வெளியிட்டபோதும் அவற்றில் 35 திருத்தப்படாமல் இருந்தன. இலவச மென்பொருள்; கவனிப்பவர்கள் சில தன்னார்வலர்கள். குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரே இணைப்பைப் பல கணினிகளுக்குப் பங்கிட என்றோ பொருத்திய ஸ்குவிட் பெட்டி, தூசி படிந்து, பில் போடும் மேசைக்கு அடியில் இன்றும் ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பற்றி விசாரிப்பது நம் பொறுப்பு.

பகைவனே இல்லாமலும் விழும். 2025 நவம்பர் 18 அன்று நம் நேரப்படி மாலை 4.50க்கு, உலகின் ஏராளமான இணையத்தளங்களுக்கு முன்னால் பிராக்ஸியாக நிற்கும் கிளவுட்ஃபிளேர் தடுமாறியது. தாக்குதல் என்றே அவர்கள் முதலில் சந்தேகித்தார்கள். உண்மை வேறு. தகவல் கிடங்கில் செய்த ஒரு மாற்றத்தால், ஒரு பட்டியலில் அதே வரிகள் இருமுறை விழுந்து பட்டியல் இரட்டிப்பாயிற்று. மென்பொருளோ 200 வரிக்கு மேல் வராது என்று எழுதப்பட்டிருந்தது. வழக்கமாக 60 வரிதான் இருக்கும். மிஞ்சியதைத் தள்ளிவிட்டு வேலையைத் தொடராமல், அப்படியே நின்றுவிட்டது. பெரும்பகுதி சரியாக இரவு 8 மணி. முழுதும் சீராக 10 மணிக்கு மேல். டிசம்பர் 5 அன்று பிற்பகல் 2.17க்கு இன்னொரு தடவை, சுமார் 25 நிமிடம். பங்குச் சந்தை நடந்துகொண்டிருந்த வேளை. ஜெரோதா, குரோ ஆகியவற்றின் வாடிக்கையாளர்கள் விற்கவும் முடியாமல் வாங்கவும் முடியாமல் தவித்தார்கள்.

சரி, பாலக்கோட்டிலோ அரூரிலோ கடை வைத்திருக்கும் நமக்கு இதில் என்ன வேலை? பில் மென்பொருள் கொடுத்தவரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்கலாம். நடுவில் பிராக்ஸி இருக்கிறதா? கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியுமா? மழுப்பலாகப் பதில் வந்தால், பிராக்ஸியை உள் இணைப்புகளுக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள். இணையம் இல்லாமலும் பில் அடிக்க முடிகிறதா என்று ஒரு நாள் கம்பியைக் கழற்றிப் பார்ப்பதும் நல்லது. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்!

யு.பி.ஐ. விஷயத்தில் 2025 ஆகஸ்டு 1 முதல் கட்டுப்பாடு வந்தது. ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைதான் இருப்புத் தொகை பார்க்கலாம். நிலுவையில் நிற்கும் பரிமாற்றத்தின் நிலையை மூன்று முறைதான், அதுவும் 90 நொடி இடைவெளி விட்டுத்தான் கேட்கலாம். ஆகவே பணம் வரவில்லையென்றால் வாடிக்கையாளரை உடனே மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லாதீர்கள். முதல் தொகை அவர் கணக்கில் கழிந்திருந்தால், இரண்டாவதும் கழிந்து வீண் சச்சரவு வரும். தெரிந்தவரானால் பற்றில் எழுதி அனுப்புங்கள். தெரியாதவரானால் ரொக்கம் கேளுங்கள். 'பணம் போய்விட்டது' என்று அவர் காட்டும் படத்தை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததா என்று மட்டும் பாருங்கள்.

வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து கடைக்கு உறுதி வராத தொகையை, பரிமாற்ற நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் தானாகத் திருப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் உத்தரவிட்டது. தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அவருக்குச் சேர வேண்டும். இதைத் தட்டியில் எழுதி கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தால், வாக்குவாதம் பாதி குறையும்.