நாலரை மணிக்குத் திறக்கிற படல்

“அக்கா, கோழியா தோட்டமா, ரெண்டுல ஒண்ணத்தான் வச்சுக்க முடியும்போல” என்று போன வாரம் ஒரு தம்பி போனில் புலம்பினார். திருப்பூரில் பதினைந்து வருசம் பனியன் கம்பெனி வேலை பார்த்தவர். இப்போது வேடசந்தூர் பக்கம் அப்பா விட்டுப்போன இருபது சென்ட் இடத்துக்குத் திரும்பியிருக்கிறார். ஆடியில் கத்தரி, வெண்டை, அவரை, கீரை எல்லாம் போட்டார். அதே வாரத்தில் ஐம்பது குஞ்சும் வாங்கி விட்டார். புரட்டாசியில் குஞ்செல்லாம் விடலையாகிவிட்டது, தோட்டத்தில் ஒரு பாத்தி மிச்சமில்லை. கீரை விதைத்த இடத்தில் கோழிகள் குழி பறித்து மண் குளித்துக்கொண்டிருக்கின்றன.

கோழியைத் திட்டிப் பிரயோசனமில்லை. கிளறுவதுதான் அதற்குத் தெரிந்த தொழில். முளைக்கிற பாத்தியும் அதற்கு மண்தான், அறுத்து முடித்த பாத்தியும் மண்தான். எந்த மண்ணில் எப்போது கிளறலாம் என்று சொல்ல வேண்டியது நாம். எங்கள் வீட்டில் இரண்டும் இருபத்திரண்டு வருசமாக ஒன்றாக இருக்கின்றன. இடையில் ஒரு படல் இருக்கிறது. நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்தப் படலை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதுதான்.

முதலில் வேலி. கோழியை அடைத்து வைத்துத் தோட்டத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். நாட்டுக்கோழி அடைப்புக்குள் தீனி தின்று கொழுக்கிற ஜாதி இல்லை. வெளியே மேய்ந்தால்தான் உங்களுக்குத் தீவனச் செலவு கட்டும். அதனால் செடிக்குத்தான் வேலி. மழைக்கு முன்னால் நெருக்கமாகக் கிளுவைப் போத்து ஊன்றிவிட்டால் பின்னாளில் உயிர்வேலியாகிவிடும். அது அடரும்வரை ஐந்தடி உயரத்துக்குப் பழைய மீன்வலை கட்டுங்கள், அடியில் முள் போடுங்கள். மேலே பறந்து தாண்டும் கோழி ஐம்பதில் மூன்று நான்குதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் ஒரு பக்க இறக்கையின் நீண்ட சிறகுகளைக் கத்தரித்துவிட்டால் போதும். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாது, அது எப்படியாவது தாண்டிவிடும்.

இனி நேரம். காலையில் விடிந்ததும் கூண்டைத் திறக்கிற பழக்கத்தை விடுங்கள். முட்டையிடுகிற கோழி பெரும்பாலும் முற்பகலுக்குள் இட்டுவிடும். பத்துப் பதினோரு மணிவரை கூண்டிலேயே இருந்தால் முட்டை கூடையில் கிடைக்கும். விடியலிலேயே திறந்துவிட்டால் வைக்கோல்போரிலும் வேலியடியிலும் இட்டு வைக்கும், சாரைப்பாம்பும் கீரியும் உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு வெளியில், களத்தில், மாட்டுத்தொழுவத்தில், புளியமரத்தடியில் மேயட்டும். தோட்டத்துப் படலைச் சாயங்காலம் நாலரைக்குத் திறங்கள். ஆறு, ஆறரைக்கு இருட்டத் தொடங்கும்போது எந்தக் கோழியையும் விரட்ட வேண்டியதில்லை, தானே அடைய ஓடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் புழுவையும் வெட்டுக்கிளியையும் பொறுக்கும். ஆற அமரக் குழி பறிக்க நேரம் இருக்காது. கூண்டருகே ஒரு கை கம்போ குருணையோ இறைத்துப் பழக்கிவிட்டால் இன்னும் சீக்கிரம் திரும்பும்.

நாலரைக்கும் எல்லாப் பாத்திக்குள்ளும் விடக்கூடாது. நட்டு நாற்பது நாள் ஆகாத செடி, எந்த வயதுக் கீரையும், பழுத்த தக்காளி: இந்த மூன்றுக்கும் தனியாக வலை வேண்டும். பச்சை மிளகாயைக் கோழி சீந்தாது, ஆனால் பழத்தைக் கொத்தும். பறவைக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. நாம் கண்ணில் தண்ணீர் விடுகிற குண்டு மிளகாயை அது திராட்சை மாதிரி முழுங்குவதைப் பார்த்து நான் முதலில் பயந்துபோனேன். முருங்கை, வாழை, பப்பாளி இவற்றின் அடியைச் சுற்றி நான்கைந்து கல் அடுக்குங்கள், வேரைப் பறிக்காது.

என் அனுபவத்தில் கோழிக்கும் பந்தலுக்கும்தான் பொருத்தம் அதிகம். புடலை, பீர்க்கு, பாகல் மூன்றையும் கெடுப்பது பழ ஈ. பிஞ்சில் முட்டையிடும், காய் வளைந்து அழுகி விழும், உள்ளிருக்கிற புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். மருந்தடிக்கிறவர் மேலே அடிக்கிறார், பகை மண்ணுக்குள் அரையடிக்குள்ளேயே படுத்திருக்கிறது. அங்கே போய்த் தேடித் தின்ன கோழியைவிட நல்ல ஆள் யார்? காய் தலைக்கு மேலே தொங்குகிறது, எச்சம் படுவதில்லை, நிழலும் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் படல் திறந்தபின் எங்கள் கோழிகள் பந்தலை விட்டு வெளியே வருவதேயில்லை.

இதை வைத்தே பயிர் சுழற்சியை அமைத்துக்கொள்ளலாம். ஒரு பாத்தி அறுவடை முடிந்ததும் செடியைப் பிடுங்காமல், அதை மட்டும் சுற்றி வலை கட்டி, பத்து நாள் கோழியை நாள் முழுக்க அதற்குள் விடுங்கள். களை, புழு, தட்டு எல்லாவற்றையும் அதுவே கொத்தி ஒழுங்குபண்ணிவிடும். அடுத்து அந்த இடத்தில் பந்தல் காய். அதற்கும் அடுத்துதான் கீரை. கோழி விட்ட மண்ணில் உடனே கீரையோ முள்ளங்கியோ போட வேண்டாம். பச்சை எச்சத்தில் வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் கிருமி இருக்கும். மண்ணை ஒட்டி வளர்கிற எதையும் நான் நான்கு மாதம் கழித்துத்தான் போடுகிறேன்.

எச்சத்தைப் பற்றி வரும் கேள்விகள்தான் அதிகம். “கோழி எரு போட்டேன், கத்தரி கருகிப்போச்சு” என்பார்கள். போட்டது எரு இல்லை, எச்சம். மாட்டுச் சாணத்தைவிட அதில் தழைச்சத்து அதிகம், பச்சையாக வைத்தால் வேரைச் சுடும். கூண்டுத் தரையில் நாலு விரல் உயரத்துக்கு நெல் உமியோ கடலைத் தோலோ பரப்புங்கள். வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டு மேலே கொஞ்சம் புதிதாகத் தூவுங்கள். காலையில் கூண்டுக்குள் தலையை விட்டால் கண் எரிகிறதா? அப்படியானால் உமி போதவில்லை, அல்லது ஈரம் ஏறிவிட்டது. அந்தக் காரல் கோழியின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும், தோட்டத்துக்கு வரவேண்டிய சத்தும் காற்றோடு போகும். அள்ளியதை ஒரு கூடைக்கு மூன்று கூடை சருகு என்று கலந்து, லேசாக நனைத்து, குவித்து மூடிவையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு புரட்டல். மூன்று மாதத்தில் சூடும் நாற்றமும் அடங்கி, மழை பெய்த மண் வாசம் வரும். அப்போது செடிக்கு இரண்டு கை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. அவரைக்கு அதுவும் வேண்டாம். தழைச்சத்து கூடினால் கொடி வீட்டுக்கூரை வரை ஏறும், பூ மட்டும் எடுக்காது.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு வளர்வது உங்கள் எருக்குழியில்தான். குழியைப் புரட்டும் நாளில் பக்கத்தில் கோழியை விடுங்கள். கட்டைவிரல் பருமனில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுவுக்கு அவை அடித்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

சீக்கு விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் பட்டது கொஞ்சமல்ல. ஆரம்பித்த இரண்டாவது வருசம் ஒரு சந்தையில் கொண்டை சிவந்த அருமையான சேவல் ஒன்றைப் பார்த்தேன். வாங்கி வந்த அன்றே மற்றவற்றோடு விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அது தூங்கி விழுந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு, பிறகு கழுத்து திருகிக்கொண்டது. பத்து நாளில் இருபத்தாறில் மூன்று மிச்சம். வெள்ளைக் கழிச்சல். உத்தராகண்டில் இருக்கும் ராணிக்கேத் என்ற ஊர்ப்பெயரை வைத்து ராணிக்கேத் நோய் என்றும் சொல்வார்கள். இது வைரஸ், வந்தபின் மருந்து கிடையாது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் அரைத்துக் கொடுப்பது எங்கள் வீட்டிலும் உண்டு, கொடுங்கள். ஆனால் தடுப்பூசிக்குப் பதிலாக என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரத்தையொட்டி மறுபடி ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. வழக்கமாகப் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் ஊர் ஊராக வந்து இலவசமாகப் போடுகிறது. வெயில் ஏறும்போது கழிச்சல் கிளம்பும் என்பதால்தான் அந்த மாதம். முகாம் வரும்வரை காத்திருக்காமல் உங்கள் குஞ்சின் வயதைப் பார்த்து மருந்தகத்தில் கேளுங்கள். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். கரைத்த மருந்தை ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைத்தால் அது வெறும் தண்ணீர். ஏற்கெனவே நோய்ப்பட்டதற்குப் போடக்கூடாது. புதிதாக வாங்கும் கோழி எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்று வாரம் தனியே, தனித் தண்ணீர்ச் சட்டியோடு. கறிக்கடைக் கழிவைக் கோழி மேயும் இடத்தில் கொட்டாதீர்கள். செத்ததைக் கிணற்றிலோ ஓடையிலோ எறியாமல் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சாகப்போகிறதை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சேவல் அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

கழிச்சல் இல்லாமலும் கோழி கூட்டமாகச் சாகும். விதைநேர்த்தி செய்த மக்காச்சோள விதை மருந்து கலந்து நிறமேற்றியிருக்கும், கீழே சிந்தினால் ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள். ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு ஈரலைத் தின்றுவிடும். ஊறுகாய் எண்ணெய், கருவாட்டுக் கழிவு இரண்டும் உப்பு, வேண்டாம்.

எத்தனை கோழி என்று கேட்டால், இருபது சென்ட்டுக்குப் பத்துப் பேடும் ஒரு சேவலும் போதும் என்பேன். அந்தத் தம்பிக்கு இது ஏமாற்றமாக இருந்தது. கணக்கைப் பாருங்கள். நல்ல நாட்டுக்கோழி வருசத்துக்கு அறுபது முதல் எண்பது முட்டை இடும். பத்துக் கோழிக்குச் சராசரி நாளைக்கு இரண்டு முட்டை, அதுவும் அடை உட்காரும் மாதங்களில் ஒன்றுமில்லை. இதில் மாதச் சம்பளம் வரும் என்று யாராவது விளம்பரம் காட்டினால் 2012-இல் கொங்குப் பக்கம் ஈமு வளர்க்கப் பணம் கட்டித் தொலைத்தவர்களை விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முட்டைதான் வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் உருவாக்கிய கிராமப்பிரியா மாதிரி இனங்கள் கூடுதலாக இடும், ஆனால் அடை உட்காராது, ஒவ்வொரு முறையும் குஞ்சுக்கு வெளியே கையேந்த வேண்டும். நான் சிறுவிடை நாட்டுக்கோழியை விடமாட்டேன். உடம்பு சின்னது, அடையும் காவலும் கெட்டி. குஞ்சோடு திரியும் சிறுவிடை பருந்தைப் பார்த்து எழும்பிப் பாய்வதை ஒருமுறை பார்த்தால் உங்களுக்கும் விட மனசு வராது.

அடைக்கு ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை. கோடையில் நாலு நாளுக்கும், மற்ற காலத்தில் ஒரு வாரத்துக்கும் மேற்பட்ட முட்டையை வைக்க வேண்டாம். மூங்கில் கூடையில் பாதிக்கு மணல், மேலே வைக்கோல், பக்கத்திலேயே தண்ணீரும் தானியமும். எங்கள் அப்பத்தா இடிக்குக் கரு கலங்காமல் இருக்க ஒரு இரும்புத் துண்டும், கரியும், காய்ந்த மிளகாயும் கூடையில் போடும். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு ஆணியைப் போட்டுத்தான் வைக்கிறேன். ஏழாம் நாள் ராத்திரி டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள், தாயின் சூடு வீணாக வேண்டாம்.

இருபத்தோராம் நாள் கூடையைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள், ஓட்டை உரித்து உதவவும் வேண்டாம். பொரித்த குஞ்சுக்கு முதல் ஒரு நாள் தீனி தேவையில்லை, வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவே போதும். மறுநாள் குருணையோடு அதற்குக் கரையான் கொடுத்துப் பாருங்கள். வாய் உடைந்த பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, பனையோலைத் துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் மண்மேல் கவிழ்த்தால் விடிவதற்குள் பானை முழுக்க வெள்ளையாக ஏறியிருக்கும். குஞ்சு முன்னால் தட்டினால் போதும். வெயில் வந்துவிட்டால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால் பொரிக்கிற அன்றைக்கு ராத்திரியே பானையைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.