கவுன்சில் பதிவு எண் என்ன?

பத்தாம் வகுப்பில் "என்ன ஆகப் போறீங்க?" என்று கேட்டால், டீச்சருக்கு அடுத்தபடியாக அதிகம் வரும் பதில் "நர்ஸ்". பல ஆண்டுகள் அந்தப் பதிலைக் கேட்டு மகிழ்ந்து பாடத்துக்குப் போயிருக்கிறேன். "எப்படி ஆகப் போறீங்க?" என்று அடுத்த கேள்வியை நான் கேட்டதே இல்லை. கேட்க வைத்தவள் என் பழைய மாணவி ஒருத்தி.

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு படித்தவள். தேர்ச்சி பெற்றதும், பக்கத்து ஊரில் பேருந்து நிலையம் அருகே இருந்த ஒரு பயிற்சி மையத்தில் "ஒரு வருட நர்சிங்" சேர்ந்தாள். அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். வெள்ளைச் சீருடை, சான்றிதழ் எல்லாம் கிடைத்தன. சிறிய மருத்துவமனை ஒன்றில் குறைந்த சம்பளத்தில் வேலையும் கிடைத்தது. கிராம சுகாதார செவிலியர் பணிக்கு அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வந்தாள். பாதியில் நிறுத்தி, "டீச்சர், கவுன்சில் பதிவு எண்ணுன்னு ஒரு கட்டம் இருக்கே, இதுல என்ன எழுதணும்?" என்றாள்.

அவளிடம் அப்படி ஓர் எண் இல்லை. அந்தப் படிப்புக்கு அது கிடைக்காது என்று சேரும்போது யாரும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் அவளுக்கு அறிவியல் நடத்திய நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆண்டுதோறும், பத்தாம் வகுப்பு மாணவர்கள் மேல்நிலைப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குகிறேன். அதன் வடிவம் இதுதான்.

முதல் பகுதி: மூன்று வழிகள்

கரும்பலகையை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன்.

ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டுகள். பெண்களுக்கு மட்டும் உரியது. பிளஸ் டூவில் கலைப் பிரிவு படித்தவர்களும் சேரலாம். துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்து, தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியர் பணிக்கு உரிய பயிற்சி இது. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது கணக்கு.

ஜி.என்.எம். எனப்படும் செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள். இதற்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு மூலம் அரசு இடங்கள் நிரப்பப்படுகின்றன. ஆண்களும் படிக்கலாம் என்று சொன்னதும், கடைசி வரிசையில் இரண்டு மூன்று பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் கனவு இருக்கும் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்கிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் உள்ள நர்சிங் பாடத்தைப் படித்தாலே செவிலியர் ஆகிவிடலாம் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அது நல்ல அடித்தளம்தான். ஆனால் அதற்குப் பிறகும் மேற்சொன்ன படிப்புகளில் ஒன்றை முடிக்க வேண்டும்.

இரண்டாம் பகுதி: ஒரு கணக்கு

"நோயாளிக்கு 500 மி.லி. குளுக்கோஸ் 5 மணி நேரத்தில் ஏற வேண்டும். ஒரு மி.லி.க்கு 15 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும்?"

சென்ற ஆண்டு ஒரு மாணவன் முதலில் 1,500 என்றான். 7,500 சொட்டுகளை ஐந்தால் வகுத்திருக்கிறான். மணியை நிமிடமாக மாற்றவில்லை. "அப்படின்னா நொடிக்கு 25 சொட்டு" என்றேன். "அது டிரிப்ஸ் இல்ல டீச்சர், குழாய்த் தண்ணி!" என்றாள் ஒரு பெண். வகுப்பே சிரித்தது. பிறகு 300 நிமிடங்களால் வகுத்து 25 என்ற விடைக்கு வந்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும், "இந்தத் தப்பை ஆஸ்பத்திரியில் செய்தால்?" என்று கேட்பேன். அந்த அமைதியில்தான் அடுத்த பகுதி மனதில் பதிகிறது.

மூன்றாம் பகுதி: பதிவு எதற்கு?

உயிரோடு தொடர்புடைய வேலையை யார் செய்யலாம் என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. நம் மாநிலத்தில் அதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட பள்ளியிலோ கல்லூரியிலோ படித்து, தேர்வில் வென்றவரின் பெயரை மாநில செவிலியர் கவுன்சில் பதிவு செய்கிறது. அந்த எண்தான் ஒரு செவிலியருக்கான உரிமம். வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு மட்டுமல்ல, கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிக்கும் அது பாதுகாப்பு.

எனவே பிள்ளைகளின் குறிப்பேட்டில் மூன்று கேள்விகளை எழுதச் சொல்கிறேன். இந்தப் படிப்பை முடித்தால் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? இந்த நிறுவனத்தின் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கைகள்? முதல் இரண்டு கேள்விகளுக்கும் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் நம் பள்ளிக் கணினியிலேயே விடை தேடலாம். "சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், முன்பணம் கட்டாமல் திரும்பி வந்துவிட வேண்டும்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பட்டயப் படிப்புக்கும் இது உண்டு. இதை அறியாமல் கடன் வாங்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். சேர்க்கை விதிகளை மட்டும் அந்தந்த ஆண்டுக்கான விளக்கக் குறிப்பேட்டில் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

அந்த மாணவிக்கு அன்று வயது 21. ஏ.என்.எம். சேர வயது வரம்பு 35 என்பதைக் காட்டியபோதுதான் அவள் முகம் தெளிந்தது. இப்போது அங்கீகாரம் பெற்ற பள்ளி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆனாலும் போன ஆண்டுகள் போனவைதான். அம்மாவின் நகை இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை ஒன்று போதும். உங்கள் பள்ளியிலும் "நர்ஸ்" என்று கை தூக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். பாடப்பிரிவு விண்ணப்பத்தை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன், அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.